தளத்துக்கு ஓர் அறை: கிராம்ஃபோர்டு, நார்த் ஸ்ட்ரீட், 10-ஆம் எண் வீடு

மூன்று தளங்கள், தளத்துக்கு ஓர் அறை. இவற்றை இணைப்பது குறுகலாக, செங்குத்தாக, வளைந்து ஏறும் ஒரு படிக்கட்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் இதோடு படிப்பதை நிறுத்திவிட்டு லிஃப்ட் உள்ள விடுதியாகத் தேடுவது நல்லது. என் வீட்டுக்காரருக்கு வலது முழங்கால் சரியில்லை. அவர் உச்சி அறைக்கு ஒரே ஒரு தடவை ஏறி, சன்னலைத் தட்டிப் பார்த்து, "நல்ல வேலை" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அதன் பிறகு மேலே வரவே இல்லை. இத்தனைக்கும் அந்த வீட்டின் சிறந்த அறை அதுதான்.

மற்றவர்கள் தாராளமாகப் போகலாம். கட்டடத்தைப் பார்ப்பதற்காகவே பணம் கொடுத்துத் தங்கலாம் என்று இங்கிலாந்தில் எனக்குத் தோன்றியது இந்த வீட்டில்தான்.

டார்பியிலிருந்து மேட்லாக் போகும் கிளை ரயில் பாதையில், டெர்வென்ட் ஆற்றோரம் இருக்கும் சிற்றூர் கிராம்ஃபோர்டு. நிலையத்தில் இறங்கி, பழைய பாலத்தையும் நூற்பாலையையும் கடந்து, சந்தைச் சதுக்கத்துக்கு மேலே ஏறும் மேட்டுச் சாலையில் நடந்தால் நார்த் ஸ்ட்ரீட் பிரியும். எதிரெதிரே இரண்டு வரிசை, ஒன்றோடொன்று ஒட்டிய கல் வீடுகள். நடுவில் தாராளமான அகலத்தில் தெரு. தெருவின் கோடியில் பள்ளிக்கூடம். 1776-ஐ ஒட்டி, அந்த நூற்பாலையின் அதிபர் ரிச்சர்ட் ஆர்க்ரைட் தன் ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டியவை இவை. அன்றைய பிரதமர் நார்த் பிரபுவின் பெயரைத் தெருவுக்கு வைத்தார்கள். ஆலைக்கென்று திட்டமிட்டுக் கட்டிய குடியிருப்புகளில் உலகிலேயே மூத்தவற்றுள் ஒன்று. யுனெஸ்கோ 2001-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த டெர்வென்ட் பள்ளத்தாக்கு ஆலைகளில் இந்தத் தெருவும் அடக்கம்.

வீடுகளில் பெரும்பாலும் ஊர்க்காரர்கள் குடியிருக்கிறார்கள். 10-ஆம் எண்ணை மட்டும் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறது. விழப்போகும் நிலையில் உள்ள பழைய கட்டடங்களை மீட்டு, தங்க வருகிறவர்கள் கொடுக்கும் வாடகையைக் கொண்டே பராமரிப்பது 1965-இல் தொடங்கிய இந்த அமைப்பின் வழக்கம். நான்கு பேர் படுக்கலாம். நாங்கள் மூவர்: நான், வீட்டுக்காரர், நாட்டிங்ஹாமில் வேலை பார்க்கும் எங்கள் மகள். இடத்தைத் தேர்ந்தெடுத்தது மகள். "அம்மா, உங்களுக்குக் கோட்டை வேண்டாம், அரண்மனை வேண்டாம், லைன் வீடுதானே வேண்டும்" என்று சொல்லித்தான் பதிவு செய்தாள்.

அவள் சொன்னதில் பிழை இல்லை. நான் பிறந்தது கோயம்புத்தூரில் ஒரு மில் லைன் வீட்டில். அப்பாவுக்கு நூற்பாலையில் வேலை. சங்கு ஊதினால் ஊரே எழுந்திருக்கும், சங்கு ஊதினால் சமையல் ஆகும், சங்கு ஊதினால் அப்பா வருவார். பின்னாளில் கட்டட மேற்பார்வைப் பணிக்கு வந்தேன். அதிலேயே ஓய்வும் பெற்றேன். ஆகையால் தொழிலாளர் வீடு என்று யாராவது ஒன்றைக் காட்டினால் முதலில் சுவர் மூலையைப் பார்ப்பேன், அடுத்தது சன்னல் தலைக்கட்டு, பிறகு கழிப்பிடம் எங்கே என்று கேட்பேன். அழகைப் பற்றிப் பேச்சு அதற்கப்புறம்தான்.

சுவர் மூலையிலிருந்து தொடங்குகிறேன். கிராம்ஃபோர்டு இரண்டு பாறைகள் சந்திக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் வெளிறிய சுண்ணாம்புப் பாறை. மறு பக்கம், ஊருக்கு மேலே பிளாக் ராக்ஸ் என்று துருத்திக்கொண்டு நிற்கும் கரடுமுரடான மணற்பாறை. கிரிட்ஸ்டோன் என்பார்கள். ஒரு காலத்தில் மாவு அரைக்கும் எந்திரக் கற்களை வெட்டியது இந்தப் பாறையில்தான். கையால் தடவினால் உள்ளங்கையில் மணல் மணியாக உறுத்தும். நார்த் ஸ்ட்ரீட் முழுக்க இந்தக் கல்தான். சுவர்ப் பரப்பில் அதிகம் செதுக்காத கற்கள். கட்டட மூலைகளிலும் கதவு, சன்னல் ஓரங்களிலும் மட்டும் நன்றாகச் செதுக்கிய பெரிய கற்கள். கதவு நிலைக்கு மரம் போதாது என்பதுபோல் இரண்டு பக்கமும் நிற்கும் கல், மேலே ஒரு கல், அவ்வளவுதான். ஒரு பூ வேலைப்பாடு இல்லை, ஒரு வளைவு இல்லை. செலவை எங்கே செய்ய வேண்டும், எங்கே செய்யத் தேவையில்லை என்று தெரிந்த ஆள் கட்டிய சுவர் இது. தண்ணீர் புகும் இடமும் அடி தாங்கும் இடமும்தான் நல்ல கல்லைக் கேட்கும். அங்கே கொடுத்திருக்கிறார். மற்ற இடத்தில் கிடைத்ததை அடுக்கியிருக்கிறார்.

இருநூற்றைம்பது வருடம் ஆன சுவர். மூலைகளில் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க ஆசைதான். அடுத்த வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று கண்ணாலேயே பார்த்து வைத்தேன். எங்கேயும் வயிறு தள்ளவில்லை.

கல் இடுக்குகளை அடைக்கும் பூச்சையும் சொல்ல வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சுண்ணாம்புக் கலவை இருக்கும் வரை சுவர் ஈரத்தை வாங்கும், காற்றடித்தால் விட்டுவிடும். சிமென்ட்டை வைத்து அடைத்தீர்களானால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே நிற்கும். பனிக்காலத்தில் அது உறைந்து, கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். சுற்றுவட்டாரத்தில் நடந்தபோது அப்படி முகம் உதிர்ந்த சுவர்களை நிறையப் பார்த்தேன். கல் மெலிந்து உள்ளே போயிருக்கும், சிமென்ட் வரிகள் மட்டும் வெளியே விறைத்து நிற்கும். இந்தப் பயணத்திலேயே முந்தைய வாரம் வேறோர் ஊரில் "பாரம்பரியக் கல் குடில்" என்று விளம்பரம் செய்த இடத்தில் தங்கினோம். ஊர் பெயர் வேண்டாம். வெளியே கல். உள்ளே கால் வைத்தால் நான்கு பக்கமும் ஜிப்சம் பலகை, மேலே வெள்ளைப் பெயின்ட், படுக்கைக்கு மேலே பாசி படர்ந்த ஒரு மூலை. சுவர் மூச்சுத் திணறுவதை மூக்கே சொல்லிவிட்டது. 10-ஆம் எண்ணில் அந்த வாடையே இல்லை.

இனி உச்சி அறை. என்னைக் கேட்டால் மற்ற இரண்டு தளமும் இந்த ஒரு அறைக்காகக் கட்டியவை.

தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலே தெரிகிறது. கீழ்த்தளத்தில் ஒரு கதவு, ஒரு சன்னல். நடுத்தளத்தில் சன்னல், அதுவும் அளவானது. மேல் தளத்தில் மட்டும் சன்னல் பக்கவாட்டில் நீண்டு ஓடுகிறது, நடு நடுவே கல் கால்கள் தாங்க. சாதாரணமாக வீடு கட்டுபவர் நல்ல சன்னலை விருந்தினர் பார்க்கும் கீழ் அறைக்குத்தான் வைப்பார். கூரைக்கடியில் இருக்கும் அறை பழைய சாமான் போடுவதற்கு. இங்கே தலைகீழ். காரணம், மேலே தறி இருந்தது. சில வீடுகளில் காலுறை பின்னும் சட்டகம். நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். விளக்குக்கு ஊற்றும் எண்ணெய்க்கும் மெழுகுவத்திக்கும் காசு கொடுத்தால் கூலியில் மிச்சம் இருக்காது. எதிர் வரிசை வீடுகளின் நிழல் விழாத உயரம் மேல் தளம்தான். ஆகவே வெளிச்சம் முழுவதையும் அங்கே கொண்டுபோய்க் குவித்திருக்கிறார்கள்.

இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். ஆலை கீழே ஆற்றோரம் இருக்க, வீட்டுக்குள் எதற்குத் தறி?

ஆர்க்ரைட்டின் ஆலையில் நூற்பு மட்டும்தான். 1769-இல் அவர் காப்புரிமை வாங்கிய எந்திரம் தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடும், இராப்பகலாக. அதைப் பார்த்துக்கொள்ள தேர்ந்த கை தேவையில்லை. சிறிய, வேகமான, மலிவான கைகள் போதும். அதாவது பெண்களும் குழந்தைகளும். 1771 டிசம்பரில் டார்பி நகரச் செய்தித்தாளில் அவர் கொடுத்த விளம்பரத்தில் கடிகாரம் செய்பவர்களைக் கேட்கிறார் (எந்திரத்துக்குப் பல்சக்கரம் செய்ய), பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு என்கிறார், அக்கம்பக்கத்து நெசவாளர்களையும் அழைக்கிறார். பத்து வருடம் கழித்து வந்த இன்னொரு விளம்பரம் இன்னும் வெளிப்படை: பெரிய குடும்பம் உள்ள நெசவாளர்களும் பின்னலாளர்களும் வரலாம், ஏழு வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் நிரந்தர வேலை.

பெரிய குடும்பம் என்பதுதான் சூட்சுமம். அந்த வட்டாரத்தில் ஈயச் சுரங்கம் உண்டு, ஆடு மாடு உண்டு, ஆள் கிடையாது. வேறு ஊரிலிருந்து ஆட்களைக் கொண்டுவர வேண்டும். ஆனால் அம்மாவையும் ஆறு பிள்ளைகளையும் மட்டும் கூட்டிவர முடியாது. வீட்டுத் தலைவன் நெசவாளி, அவனுக்குப் பிழைப்பு வேண்டும். அதனால் அவன் பிழைப்பை வீட்டின் மூன்றாம் தளமாக வைத்துக் கட்டினார். ஆலையில் மனைவியும் மக்களும் நூற்ற நூலை வீட்டு உச்சியில் அவன் நெய்வான். கூலி இரண்டும் ஒரே கையிலிருந்து, வாடகையும் அதே கைக்கு. ஊருக்கு வெளியே இருந்து வரும் கூலியாளுக்கு இவ்வளவு நல்ல கல் வீடா என்று வியக்கிறவர்கள் உண்டு. அங்கே விருந்தினர் குறிப்பேட்டிலும் அப்படி எழுதியிருக்கிறார்கள். எனக்கு வியப்பில்லை. தறிக்கு உறுதியான தளம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், குடும்பம் இன்னொரு ஆலைக்கு ஓடிவிடாமல் இருக்க வீடு பிடித்திருக்கவும் வேண்டும். கணக்குப் பார்த்துச் செய்த நன்மை. ஆனாலும் ஒன்று: கணக்குப் பார்ப்பவர்கள் எல்லாருமே இப்படிக் கட்டுவதில்லை. எங்கள் லைன் வீடு ஓர் அறை, ஒரு சமையல் மூலை, வரிசை முழுவதற்கும் பொதுவான ஒரு கழிப்பிடம். அதைக் கட்டியவரும் கணக்குப் பார்த்தவர்தான்.

அந்த மேல் அறையில் நெய்த துணிக்கும் நம் கடற்கரைக்கும் ஒரு வழக்கு இருந்தது. கோரமண்டலக் கரையிலிருந்தும் மற்ற இந்தியத் துறைமுகங்களிலிருந்தும் போன அச்சடித்த பருத்தித் துணி இங்கிலாந்தில் அப்படி விற்றது. உள்ளூர் கம்பளிக்காரர்களும் பட்டுக்காரர்களும் கூச்சல் போட, 1721-இல் அதை உடுத்துவதையே சட்டம் தடைசெய்தது. அவர்கள் தாமாக முழுப் பருத்தித் துணி நெய்யலாம் என்றால், கையால் நூற்ற அவர்களது பருத்தி நூல் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் இழைக்கு, தாங்கவில்லை. பாவு லினன், குறுக்கே ஓடும் ஊடை பருத்தி என்று கலந்து நெய்து வந்தார்கள். ஆர்க்ரைட்டின் எந்திரம் கொடுத்தது முறுக்கேறிய, பாவுக்குத் தாங்கும் நூல். உடனே 1774-இல் அவர் நாடாளுமன்றத்தில் முறையிட்டு, உள்நாட்டில் நெய்த முழுப் பருத்தித் துணிக்கு விலக்கு வாங்கிவிட்டார். இந்தியத் துணியோடு குழம்பாதிருக்க, துணியின் கரையில் மூன்று நீல இழை ஓட வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. அடுத்த இரண்டு வருடத்தில் நார்த் ஸ்ட்ரீட் எழுகிறது. பாவு ஓட்டும் தெருவில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அந்த நூலுக்கான பஞ்சில் பெரும்பங்கு கரீபியத் தீவுகளிலும் பிரேசிலிலும் அடிமைகள் பறித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகைகள் மரியாதைக்காகச் சுருக்கமாகச் சொல்லும் சங்கதி இது.

எந்திரத் தறி வந்து கைத்தறி ஓய்ந்த பிறகு மேல் தளத்து நீளச் சன்னலுக்கு வேலை போய்விட்டது. குளிர் உள்ளே வரும் வழியாக மட்டும் மிஞ்சியது. தெருவில் சில வீடுகளில் அதைக் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். அடைத்த இடத்தின் தழும்பு நன்றாகவே தெரிகிறது. என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் விருந்து. எந்தக் கால் பழையது, எந்தக் கல் பிறகு சொருகியது என்று தெருவில் நடந்தபடியே படிக்கலாம். (நடந்தபடியே என்பதைக் கவனியுங்கள். உள்ளே குடும்பங்கள் இருக்கின்றன. நின்று சன்னலுக்குள் பார்ப்பவர்களை அவர்கள் பார்க்கும் பார்வையையும் பார்த்தேன்.)

கீழே ஆலையின் கதை அதைவிடச் சோகம். ஆர்க்ரைட்டின் சக்கரத்தை ஓட்டியது ஈயச் சுரங்கங்களின் வடிகால் நீர். நிலத்தடியிலிருந்து வருவதால் பனிக்காலத்திலும் உறையாது. ஆலைக்காரருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் 1840-களில் இன்னும் ஆழமான ஒரு வடிகால் அந்தத் தண்ணீரை வேறு பக்கம் இழுத்துக்கொண்டது. நூற்பு நின்றது. பிறகு சாயப்பொடி தயாரிக்கும் தொழிற்சாலையாக இருந்தது அந்த இடம். மண்ணெல்லாம் ஈய நஞ்சு. 1979-இல் ஆர்க்ரைட் சொசைட்டி என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு அதை வாங்கிச் சுத்தம் செய்யத் தொடங்கியது. ஊர் வளராமல் நின்றுபோனதால்தான் நார்த் ஸ்ட்ரீட்டும் இடிபடாமல் பிழைத்தது என்று நினைக்கிறேன். அதுவும் மயிரிழையில்தான். 1960-களில் இந்த வீடுகளில் பெரும்பாலானவை குடியிருக்கத் தகுதியற்றவை என்று அறிவிக்கப்பட்டன. பழங்கட்டடங்களைக் காக்கும் ஏன்ஷியன்ட் மான்யுமென்ட்ஸ் சொசைட்டி வாங்கிக் காப்பாற்றியது. லேண்ட்மார்க் 1974-இல் அவற்றில் ஆறு வீடுகளை எடுத்துக்கொண்டது.

இனி உள்ளே இருந்து பார்த்தது.

தளத்துக்கு ஓர் அறை என்றால் நடைவழி இல்லை, கூடம் இல்லை. ஓர் அறைக்கும் இன்னொன்றுக்கும் இடையே கதவைச் சாத்தி ஒதுங்குவது கிடையாது. காலையில் நான் கீழே கடுகு தாளித்தால் உச்சி அறையில் மகள் தும்முவாள். வெங்காயம் வதக்கியது இரவு வரை வீட்டைச் சுற்றி வந்தது. அந்தக் காலத்தில் கீழே முட்டைக்கோஸ் வெந்தால் மேலே நெய்கிற துணியிலும் ஏறியிருக்குமோ என்னவோ. நடுத்தளத்தில் இருப்பவருக்கு மேலேயும் காலடி, கீழேயும் பேச்சு. ஏழெட்டுப் பேர் கொண்ட குடும்பம், அதில் பாதிப் பேர் பகலில் தூங்கி இரவு ஆலைக்குப் போகிறவர்கள், மேலே தறி கட்டக் கட்டவென்று அடித்துக்கொண்டிருக்கும். அதை நினைத்துக்கொண்டால் எங்கள் மூவரின் சத்தம் ஒரு சத்தமே இல்லை.

கல் சுவர் சூடாக நேரம் எடுத்துக்கொள்ளும். வந்த முதல் மாலை எல்லாரும் ஸ்வெட்டரோடுதான் உட்கார்ந்திருந்தோம். ஒருமுறை சூடேறிய பின் விடிகாலை வரை அது தாங்கியது. செங்கல் வீட்டில் பழகியவர்கள் முதல் நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

சன்னல் திட்டு என் மனத்துக்குப் பிடித்த இடம். சுவர் அவ்வளவு கனம் என்பதால் ஒரு தேநீர்க் கோப்பை, ஒரு புத்தகம், ஒரு கண்ணாடிக் கூடு எல்லாம் வைத்தபின்பும் முழங்கை ஊன்ற இடம் இருந்தது. வீட்டுக்காரர் அங்கேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருந்தார். காலையில் கோடியில் உள்ள பள்ளிக்குக் குழந்தைகள் போவார்கள். 1832-இல் கட்டியது, அன்று ஆலையில் பாதி நாள், பள்ளியில் பாதி நாள் என்று பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். இன்றும் அது ஊரின் தொடக்கப் பள்ளிதான். அதைக் கேட்டதும் வீட்டுக்காரர் அந்தக் குழந்தைகளுக்குக் கையசைக்க ஆரம்பித்துவிட்டார்.

சாமான்கள் எளிமை: உறுதியான மேசை, பழைய மர நாற்காலிகள், வட்டாரத்தைப் பற்றிய புத்தகங்கள் நிறைந்த ஒரு அலமாரி, வீட்டின் வரலாற்றைச் சொல்லும் ஒரு தொகுப்பு. தொலைக்காட்சி கிடையாது, லேண்ட்மார்க் வீடுகளின் கொள்கையே அது. மகள் முதல் மாலையில் சற்று வாடினாள். அடுத்த நாள் ஆர்க்ரைட்டைப் பற்றி ஒரு புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எங்களுக்குப் படித்துக் காட்டினாள். சவரத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கி, 1786-இல் சர் பட்டம் வாங்கி, ஆற்றுக்கு எதிர்ப்புறம் கோட்டை போல ஒரு மாளிகையும் கட்ட ஆரம்பித்து, அதில் குடிபுகும் முன்பே 1792-இல் இறந்தவர் அவர். "சொந்த வீட்டைவிடத் தொழிலாளர் வீட்டைத்தான் ஒழுங்காக முடித்திருக்கிறார்" என்றார் வீட்டுக்காரர்.

கழிப்பிடக் கேள்விக்கு வருகிறேன். வீட்டுக்கொரு சிறு தோட்டம் உண்டு. அது போக, தள்ளி ஒரு துண்டுக் காய்கறி நிலம். ஊரில் பழைய பன்றிக் கொட்டில்கள் இன்னும் நிற்கின்றன. அன்றைக்குக் கழிப்பிடமும் வீட்டுக்கு வெளியேதான். தோட்டமும் பன்றியும் கருணை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். வீட்டிலேயே உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் இருந்தால் கூலியை உயர்த்தச் சொல்லி ஆள் வரமாட்டான் என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன். இன்றைக்கு வீட்டுக்குள்ளேயே குளியலறை இருக்கிறது, சுடுநீர் வருகிறது. பயப்படாதீர்கள்.

சுற்றிப் பார்க்க நேரம் இருந்தால் ஆலைக்குக் கட்டாயம் போங்கள். அங்கே எந்திரத்தைவிட எனக்குச் சாலைப்பக்கச் சுவர்தான் சுவாரசியம். வளைந்து, உயர்ந்து, கீழ்ப்பகுதியில் சன்னலே இல்லாமல் நிற்கிறது. 1779-இல் லங்காஷரில் அவருடைய இன்னோர் ஆலையைக் கும்பல் கொளுத்தியது. பயம் எப்படிக் கல்லாகும் என்பதற்கு அந்தச் சுவர் போதும். தொழிலாளர் வீட்டில் இருக்கும் சன்னல் அளவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆற்றுப் பாலத்தின் வளைவுகள் ஒரு பக்கம் கூராகவும் மறு பக்கம் வட்டமாகவும் இருக்கும், பிற்காலத்தில் அகலப்படுத்தியதால். ஸ்கார்தின் புக்ஸ் என்ற பழைய புத்தகக் கடை ஆலைக் குளத்தருகே இருக்கிறது. அதற்குள் மகளை விட்டுவிட்டு வெளியே எடுப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது.

இதே ரயில் பாதையில் பெல்பர் இருக்கிறது. ஆர்க்ரைட்டின் கூட்டாளியாக இருந்த ஜெடிடையா ஸ்ட்ரட்டின் குடும்பம் 1790-களில் அங்கே லாங் ரோ என்ற வரிசை வீடுகளைக் கட்டியது. அதையும் பார்த்தால் நல்லது. நான் கிராம்ஃபோர்டு பக்கம்தான். பெல்பர் வீடுகளும் நல்ல கட்டுமானம்தான், ஆனால் இந்த நீளச் சன்னல் அங்கே இல்லை. ஒரு தளம் முழுவதையும் வேலைக்கு ஒதுக்கிய துணிச்சல் இங்கேதான்.

வாடகை மலிவில்லை, பருவத்துக்குப் பருவம் மாறும். பள்ளி விடுமுறையில் கேட்டால் கிடைப்பதும் கடினம். நால்வர் பகிர்ந்தால் ஒரு சுமாரான ஹோட்டல் செலவுதான். கைக்குழந்தையோடு வருகிறவர்களும் இரவில் அடிக்கடி எழுபவர்களும் யோசித்துக்கொள்ள வேண்டும். படிக்கட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஓர் அறை அகலத்தில் மூன்று தளம் எழுப்பினால் படி அப்படித்தான் வரும். சாய்வாக வைத்தால் அறையைத் தின்றுவிடும். ஜூனில் போகிறவர்கள் உச்சி அறையை எடுப்பதானால் கண்ணை மறைக்க ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். விடியல் ஐந்து மணிக்கு முன்பே வந்துவிடுகிறது. வெளிச்சத்துக்காகவே கட்டிய அறையில் அதைத் தடுத்துப் பயனில்லை. பெரிய பெட்டி வேண்டவே வேண்டாம். மகளுடைய பெட்டி முதல் வளைவிலேயே சுவருக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. பின்னால் இழுத்துக் கீழ் அறையிலேயே நிறுத்திவிட்டு, தேவையான துணியைக் கையில் அள்ளிக்கொண்டு ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் கிளம்பும் வரை சமாளித்தாள்.